பழவேற்காட்டு வெடிமருந்தும் எழும்பூர் காகித வட்டமும்

நம் அனுப்பம்பட்டுப் பக்கத்திலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள், பூநாரை வந்திருக்கிறதா என்று விசாரிப்பார்கள், டச்சுக்காரர் கல்லறை வாசலில் இருக்கும் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். பிறகு இறாலோ நண்டோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். அதே ஊரில் 1600களில் வெடிமருந்து ஆலை ஓடியது, அங்கே அரைத்த மருந்து கப்பலேறி ஜாவா வரை போனது என்று சொன்னால், "எங்க, நம்ம பழவேற்காட்டுலயா?" என்று கேட்கிறார்கள். ஆமாம், நம்ம பழவேற்காட்டில்தான்.

இந்த முறை துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன். காலையில் என்னோடு நடக்க வரும் நண்பர்கள் மத்தியில் சில மாதங்களாக இரண்டு கேள்விகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, பேத்தி ரைபிள் கிளப்பில் சேர ஆசைப்படுகிறாள், சேர்க்கலாமா என்பது. இன்னொன்று, ஊரில் திருட்டு அதிகமாகிவிட்டது, லைசென்ஸ் வாங்கி வீட்டில் ஒரு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்பது. கேட்பதற்கு இரண்டும் ஒரே கேள்வி மாதிரி இருக்கும். ஒன்றுக்கு 'சரி' என்றும் மற்றதற்கு 'வேண்டாம்' என்றும் நான் சொல்வதால், அது ஏன் என்று கேட்கிறார்கள். அதைச் சொல்லப் பழைய கதையிலிருந்துதான் வர வேண்டும். நம் பகுதியில் துப்பாக்கி யார் கையில் இருந்தது, யார் கையில் இருக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள் என்ற கதை அது.

டச்சுக்காரர் ஆலை

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் பழவேற்காட்டில் கால் வைத்தது. 1613இல் கோட்டை எழுந்தது. அதற்கு 'கெல்ட்ரியா' என்று பெயர் வைத்தார்கள். கிட்டத்தட்ட 80 ஆண்டுகள், 1690இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடம் மாறும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகர் இதுதான். இங்கிருந்து துணி போனது என்பது எல்லோருக்கும் தெரியும். வெடிமருந்தும் போனது.

அந்தக் காலத்து மருந்து கரிமருந்து. வெடியுப்பு, கந்தகம், மரக்கரி மூன்றையும் சேர்த்து அரைப்பார்கள். ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்புதான். உப்புப் பூத்த மண்ணைச் சுரண்டி எடுத்து, தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, காய்ச்சி எடுக்கும் சரக்கு அது. மண்ணைச் சுரண்டியதும் காய்ச்சியதும் நம் ஊர்க் கூலிக்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒரு பொறி பட்டால் ஆலையோடு ஆள் போய்விடும் வேலை. அந்த மருந்து வெடித்த பீரங்கிகளும் துப்பாக்கிகளும் வேறு யாருடைய கையிலோ இருந்தன. சுட்டதும் அவர்கள்தான், லாபம் பார்த்ததும் அவர்கள்தான்.

கோட்டையை ஆங்கிலேயர் 1781இல் பிடித்தார்கள், பிறகு திருப்பிக் கொடுத்தார்கள், 1795இல் மறுபடியும் பிடித்தார்கள். 1825இல் பழவேற்காடு முழுக்க ஆங்கிலேயர் வசமானது. இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் முட்புதரும்தான் மிச்சம். வெடிமருந்துத் தொழில் மட்டும் தமிழ்நாட்டை விட்டுப் போகவில்லை. நீலகிரி அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை 1900களின் தொடக்கத்தில் வந்தது. திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை 1966இல் வந்தது.

உள்ளான் வேட்டையும் ஒரு சட்டமும்

நம் பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்துக் கழனிகளில் நடவு முடிந்த சேற்றில் உள்ளான் குருவி இறங்கும். நீண்ட மூக்கு, மண் நிறம், காலடி பக்கத்தில் வரும் வரை தெரியாது. கிளம்பினால் நேராகப் பறக்காது, கோணல் மாணலாக வெட்டி வெட்டிப் பறக்கும். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயச் சிப்பாய் அதிகாரிகளுக்கு இந்தக் குருவியைச் சுடுவது பெரிய பொழுதுபோக்கு. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ஸ்னைப்'. அதைக் குறி தவறாமல் சுடுவதற்கு 'ஸ்னைப்பிங்' என்று 1770களிலேயே அவர்கள் கடிதங்களில் எழுதியிருக்கிறார்கள். இன்று சினிமாவில் வரும் 'ஸ்னைப்பர்' என்ற சொல்லுக்கு மூலம் நம் கழனியில் மேயும் இந்த உள்ளான் இனம்தான்.

1857 கலகம் வெடித்த ஆண்டிலேயே சென்னையில் 'மெட்ராஸ் வாலன்டியர் கார்ட்ஸ்' என்ற படை சேர்க்கப்பட்டது. வேலை நேரம் போக மற்ற நேரத்தில் டிரில்லும் துப்பாக்கிப் பயிற்சியும். இங்கிலாந்திலும் அதே காலத்தில் இந்த மோகம் பரவியது. 1860இல் விம்பிள்டனில் நடந்த முதல் பெரிய துப்பாக்கிச் சுடும் போட்டியை விக்டோரியா மகாராணியே முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கி வைத்தார். துப்பாக்கியை ஒரு தாங்கியில் பொருத்திக் குறி வைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். மகாராணி கயிற்றை இழுத்தார், நடு வட்டத்தில் பட்டது. கைதட்டலுக்குக் குறைவில்லை.

நம் ரயில் பாதையை வைத்திருந்த எம்.எஸ்.எம். ரயில்வேக்கும் சொந்தமாக ஒரு 'ரைபிள்ஸ்' படை இருந்தது. எஞ்சின் டிரைவர், கார்டு, ஃபோர்மேன் வேலையில் இருந்த ஐரோப்பியர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் அதில் சேர்ந்து சுடப் பழகினார்கள். அதே எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போட்ட நம் ஆளுக்கு அங்கே இடம் கிடையாது.

இடம் கிடையாது என்பதைச் சட்டமாகவே போட்டது 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்தது. இந்தியர் ஆயுதம் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. அதே ஆண்டில்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டமும் வந்தது. கையையும் கட்டினார்கள், வாயையும் கட்டினார்கள்.

1887இல் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு சென்னையில் ஆயிரம் விளக்குப் பகுதியில் நடந்தது. பத்ருதீன் தயாப்ஜி தலைமை. ஆயுதச் சட்டத்தைத் தளர்த்த வேண்டும் என்று அங்கே தீர்மானம் வந்தது, சூடான விவாதமும் நடந்தது. 1930 ஜனவரியில் காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு முன் வைத்த 11 கோரிக்கைகளில் உப்பு வரியை நீக்குவது ஒன்று. நமக்கு அதுதான் நினைவிருக்கிறது. தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்க வேண்டும், அது மக்கள் கட்டுப்பாட்டில் நடக்க வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. அகிம்சையைச் சொன்ன மனிதர் ஏன் இதைக் கேட்டார் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஆயுதத்தை எடுக்காமல் இருப்பதும் ஆயுதம் பறிக்கப்பட்டு இருப்பதும் ஒன்றல்ல என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

லண்டனிலும் புதுச்சேரியிலும்

சட்டப்படி பழக முடியாதவர்கள் வேறு வழி தேடினார்கள். லண்டனில் 'இந்தியா ஹவுஸ்' என்ற விடுதியில் இருந்த மாணவர்களில் ஒருவரான மதன்லால் திங்ரா, டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் காசு கொடுத்தால் யாரும் சுடக்கூடிய ஒரு பயிற்சிக் கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார். 1909 ஜூலை 1ஆம் தேதி கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். அந்தக் கூடத்தை நடத்தியவர் நீதிமன்றத்தில் வந்து, இவர் என்னிடம் வந்து பழகினவர்தான் என்று சாட்சி சொன்னார்.

அதே இந்தியா ஹவுஸ் வட்டத்தில் இருந்தவர் நம் வ.வே.சு. ஐயர். பாரிஸ்டர் படிப்புக்குப் போனவர், போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அங்கே பிரெஞ்சு ஆட்சி, பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் செல்லாது. செங்கோட்டை வாஞ்சிநாதன் புதுச்சேரிக்கு வந்து ஐயரிடம் துப்பாக்கி சுடப் பழகினார். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டார்.

ஐயரைப் பலர் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர் என்றே அறிவார்கள், கம்பனில் ஆழ்ந்த ரசிகர் என்றும் அறிவார்கள். நான் பள்ளியில் படித்தபோது தமிழாசிரியர் சொன்னதும் அவ்வளவுதான். கூடவே துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவரும் அவர்தான் என்று நான் தெரிந்துகொண்டது மிகப் பின்னால். வெள்ளைக்காரன் வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகப் பழகியதை நம் ஆள் தலைமறைவாக, உயிரைப் பணயம் வைத்துப் பழக வேண்டியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு

நாடு விடுதலையானதும் இரண்டு மாற்றங்கள் வந்தன. 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு 1962இல் நடைமுறைக்கு வந்தது. லைசென்ஸ் என்பது எல்லோருக்கும் பொதுவானது. இன்னொன்று, 1951இல் தேசியத் துப்பாக்கிச் சுடும் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மவலங்கர். இன்றும் அவர் பெயரில் அகில இந்தியப் போட்டி நடக்கிறது. அதில் நல்ல புள்ளி எடுத்துத் தேசியப் போட்டிக்குப் போனவர்கள் ஏராளம்.

எங்கள் தலைமுறைக்குத் துப்பாக்கி கைக்கு வந்தது என்.சி.சி. மூலம். சீன யுத்தத்துக்குப் பின் 1963இல் கல்லூரிகளில் என்.சி.சி.யைக் கட்டாயமாக்கினார்கள், 1968இல் விருப்பப் பாடமாக மாற்றினார்கள். நான் கரி எஞ்சின் பாசஞ்சரில் சென்னைக்குப் போய்ப் படித்த வருஷங்கள் இதற்கு நடுவில் வந்தன. காக்கி உடுப்புக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டது அம்மா. பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டது நான். 'பாயிண்ட் டூ டூ' ரைபிளோடு எங்களை மண்மேட்டுக்கு முன்னால் குப்புறப் படுக்க வைத்தார்கள். தூரம் 25 கெஜம். ஆளுக்கு 5 தோட்டா. நடு வட்டத்தில் பட்டதா என்பதை விட, ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்ததா என்றுதான் ஹவில்தார் பார்ப்பார். ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கினால் முதுகில் ஒரு தட்டு. "மூச்சை நிறுத்து, விரலை மெதுவா அழுத்து, வெடிக்கிறது உனக்கே தெரியக் கூடாது" என்று பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் சொல்வார்.

எனக்கு அதிகம் மனதில் நிற்பது சுட்டது அல்ல. சுட்டு முடிந்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் கணக்கில் ஒன்று குறைந்தது. விரலின் ஒரு கணு அளவுகூட இல்லாத ஒரு காலிப் பித்தளைக் குப்பி. அதற்காக 30 பேரையும் வரிசையாக முழங்காலில் உட்கார வைத்துப் புல்லைத் தடவச் சொன்னார். வெயில் இறங்கும் வரை தடவினோம். ஒரு பையனுடைய சட்டைக் கைமடிப்பில் இருந்து அது விழுந்தது. சுட்டதும் எகிறி அங்கே போய் ஒட்டியிருக்கிறது. அதை எண்ணிப் பெட்டியில் போட்ட பிறகுதான் எங்களுக்குத் தேநீர். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. துப்பாக்கி என்றால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டும் என்பது அன்று எல்லோருக்கும் மனதில் பதிந்தது.

பறவையிலிருந்து காகிதத்துக்கு

என் சின்ன வயதில் ஏரிக்கரைப் பறவைகளைச் சுடுவதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. நரிக்குறவர்கள் குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியோடு வருவார்கள். கொக்கும் உள்ளானும் விற்பார்கள். அது அவர்களுடைய வயிற்றுப் பிழைப்பு. சென்னையிலிருந்து ஜீப்பில் வந்து பொழுதுபோக்குக்காகத் தாரா சுட்டுப் போனவர்களுக்கு அந்தக் காரணமும் கிடையாது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. இன்று பூநாரையைப் பார்க்கக் கேமராவோடு வருகிறார்கள், துப்பாக்கியோடு வந்தால் ஜெயில். அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் ஒரு இயக்கம் தொடங்கி, மக்கள் தாங்களாகவே முன்வந்து ஏர் கன்களை ஒப்படைத்தார்கள். காட்டில் பறவைச் சத்தம் குறைந்துபோனதுதான் காரணம்.

போட்டி உலகிலும் இதே மாற்றம் நடந்திருக்கிறது. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடும் போட்டி நடந்தது. இப்போது அதே மாதிரிப் போட்டியில் பறப்பது களிமண் நிறத் தட்டு. 'டிராப்' என்று பெயர். பிகானேர் மகாராஜா கர்னி சிங் 1962இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் இந்தப் பிரிவில் வெள்ளி வாங்கினார். ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டவர் அவர். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே பிரிவில் இந்தியாவுக்காகச் சுட்டார். வேட்டைக்குப் போன வம்சங்கள் தட்டுச் சுடப் போனது எவ்வளவோ மேல்.

அரச குடும்பங்களோடு விளையாட்டு நின்றுவிடவில்லை என்பதுதான் சந்தோஷம். 2004 ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம், இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம். 2012 லண்டனில் விஜய்குமார் வெள்ளி, ககன் நாரங் வெண்கலம். ககன் நாரங் பிறந்தது சென்னையில். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோவில் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கினார், டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டார். பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம்.

"பொம்பளப் புள்ளைக்குத் துப்பாக்கி எதுக்கு?" என்று கேட்கும் பாட்டிமார்களுக்கு ஒரு செய்தி. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ரைபிள் போட்டியில் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் சுட்டார்கள். மார்கரெட் மர்டாக் என்ற அமெரிக்கப் பெண் ஆண்களோடு நின்று வெள்ளி வாங்கினார். இதற்குப் பலம் தேவையில்லை, அடக்கம்தான் தேவை.

அடக்கம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏர் ரைபிள் போட்டியில் இலக்கு 10 மீட்டர் தூரத்தில் இருக்கும். நடுப் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர். கடுகை விடச் சின்னது. துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம். நின்றபடி, சாய்மானம் எதுவும் இல்லாமல், 75 நிமிஷத்தில் 60 முறை சுட வேண்டும். முன்பு பெண்களுக்கு 40 முறை என்று இருந்தது, 2018 முதல் அவர்களுக்கும் 60. நெஞ்சு துடித்தால்கூடக் குழல் நுனி ஆடும். அதனால் நல்ல வீரர்கள் பல முறை துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்த்துவிட்டு, மனசு சரியில்லை என்று சுடாமலே இறக்கிவிடுவார்கள். பார்க்கிற நமக்குப் பொறுமை போய்விடும். ஒரு பிள்ளை 60 முறையும் இப்படி விரலுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொண்டால், பரீட்சைக்கும் அது உதவும், கோபம் வரும்போதும் உதவும்.

நமக்குக் கிட்டத்தில் இருப்பது சென்னை ரைபிள் கிளப். எழும்பூரில் பழைய போலீஸ் கமிஷனர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. நம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து எட்டும் தூரம். 2021இல் நடிகர் அஜித் வாடகைக் காரில் அதற்குப் போகக் கிளம்பி, வேப்பேரியில் உள்ள புதிய கமிஷனர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த கதை பத்திரிகைகளில் வந்தது. அவரே 2022இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் சுட்டுப் பதக்கங்கள் வாங்கினார். கோவை, மதுரை, திருச்சியிலும் கிளப்புகள் இருக்கின்றன.

தற்காப்புக்கு என்று ஒரு வகுப்பு

இனி இரண்டாவது கேள்வி. என் அக்காள் மகன் பல வருஷமாக டெக்சாஸில் இருக்கிறான். அங்கே 2021 செப்டம்பர் முதல், சட்டத் தடை இல்லாத 21 வயதானவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். அக்கம்பக்கத்தில் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது என்று இவனும் ஒன்று வாங்கி, தற்காப்புப் பயிற்சி வகுப்புக்குப் போனான். செய்தி கேட்டு அக்கா ஒரு வேளை சாப்பிடவில்லை. நான் போனில் கேட்டேன். "மாமா, பாதி நாள் உக்காந்து பாடம்தான் கேட்டேன். சுட்டது கொஞ்ச நேரம். எப்ப சுடக் கூடாதுன்னுதான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க" என்றான்.

இந்த மாதிரி வகுப்புகளுக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் அமெரிக்க மரைன் அதிகாரி. 1976இல் அரிசோனாவில் பொதுமக்களுக்காகப் பள்ளி தொடங்கினார். அவர் வகுத்த நான்கு விதிகளை இன்று உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்தத் துப்பாக்கியும் தோட்டா நிரப்பியது என்றே நினைத்துக்கொள். அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும் வரை விசையில் விரலை வைக்காதே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். எங்கள் ஹவில்தார் இந்த நான்கையும் வேறு வார்த்தைகளில் சொன்னவர்தான்.

நம் நாட்டுச் சட்டமும் பயிற்சியைக் கேட்கிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ் கேட்பவர் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்றிதழ் காட்ட வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடியவை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை ஜெயில். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். இதெல்லாம் இருந்தும், திருடனைச் சுட்டேன் என்று சொன்னால் போதாது. ஆபத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது பழைய பீனல் கோடிலும் இருந்தது, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. இருட்டில், தூக்கக் கலக்கத்தில், அந்த அளவை யார் எடை போடுவது?

நம் தெருக்களை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கிறது. நடு ராத்திரி வலைக்குப் போகிறவர்கள் நடமாடுகிறார்கள். குடித்துவிட்டு வீடு மாறிக் கதவைத் தட்டுகிறவன் இருக்கிறான். விடிகாலையில் சொல்லாமல் வந்து நிற்கும் சொந்தக்காரன் இருக்கிறான். பீரோவில் வைத்த துப்பாக்கியின் சாவி எங்கே என்று பேரப் பிள்ளைக்கு நம்மை விட நன்றாகத் தெரியும். வாய்ச் சண்டையில் முடிகிற அண்ணன் தம்பி தகராறு, கைக்கெட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்தால் எதில் முடியும்? திருடன் வந்து அந்தத் துப்பாக்கியையே எடுத்துக்கொண்டு போனால்? பாங்கு வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நின்ற முன்னாள் ராணுவத்தாரை நாம் பார்த்திருக்கிறோம். வருஷக்கணக்கில் பழகிய கை அது. பென்ஷன் வாங்கும் நம் கை நடுங்குகிறது.

குண்டு எங்கே போய் நிற்கிறது

பயிற்சி இடம் என்றாலே பாதுகாப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். 2021 டிசம்பர் 30ஆம் தேதி புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்குப் பக்கத்தில், மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த தளத்திலிருந்து வந்த குண்டு, தூரத்தில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் தலையில் பாய்ந்தது. நான்கு நாள் போராடி அந்தப் பிள்ளை இறந்துபோனான். செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாங்கள் சுட்ட சின்ன 'டூ டூ' குண்டே தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். பெரிய ரைபிள் குண்டு இன்னும் பல மடங்கு போகும். அதனால்தான் மண்மேட்டை உயரமாகப் போடுகிறார்கள், சிவப்புக் கொடி கட்டுகிறார்கள், ஆள் விட்டுக் காவல் வைக்கிறார்கள். அதில் ஒன்று தவறினாலும் கணக்குக் கேட்க வேண்டும். நன்றாகச் சுடுகிறார்களா என்பது அதற்குப் பிறகுதான்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். பேத்தியை ரைபிள் கிளப்பில் தாராளமாகச் சேருங்கள். ஏர் ரைபிளில் தொடங்கட்டும். சேர்க்கும் முன் நீங்களே ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். பயிற்சியாளர் முதல் வகுப்பில் விதியைச் சொல்கிறாரா, துப்பாக்கியைக் கொடுக்கிறாரா என்று கவனியுங்கள். வகுப்பு முடிந்ததும் துப்பாக்கியையும் குண்டையும் எண்ணிப் பூட்டுகிறார்களா என்று பாருங்கள். எண்ணாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். வீட்டுக்கு லைசென்ஸ் துப்பாக்கி என்ற யோசனையை விட்டுவிடுங்கள். அந்தப் பணத்தில் வாசலுக்கு நல்ல விளக்கும் பின்கட்டுக்கு நல்ல தாழ்ப்பாளும் போடுங்கள், எதிர் வீட்டுக்காரரோடு பேச்சை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வட்டாரத்தில் பழைய துப்பாக்கி லைசென்ஸ் புத்தகம், என்.சி.சி. சான்றிதழ், பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் யாராவது வாங்கிய பழைய துப்பாக்கிச் சுடும் கோப்பை என்று எதுவும் பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். பழவேற்காட்டு ஆலையில் மண் சுரண்டியவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பின்னால் வந்தவர்களுடையதாவது எழுத்தில் இருக்கட்டும்.